இலவச ஆன்லைன் படிப்பு: செவிலியர், லேப், பார்மசி நண்பர்கள் கேட்டவையும் பதில்களும்

ஸ்டாஃப் நர்ஸ், திருநெல்வேலி: அக்கா, லைசன்ஸ் புதுப்பிக்க 150 மணி நேரம் வேணும்கிறாங்க. எல்லாத்தையும் ஆன்லைன்லயே காசில்லாம முடிச்சிடலாமா?

ஐந்து ஆண்டுக்கு 150 மணி நேரத் தொடர்கல்வி என்பது இந்திய செவிலியர் கவுன்சில் வைத்திருக்கும் கணக்கு. அதில் எந்தப் பாடம் செல்லும் என்று சொல்ல வேண்டியது உங்கள் பெயர் பதிவாகியிருக்கும் மாநில கவுன்சில். அதனால் பாடத்தில் சேருவதற்கு முன்பே கவுன்சிலுக்கு ஒரு மெயில் போடுங்கள். பாடத்தின் பெயர், நடத்தும் அமைப்பு, மொத்த மணி நேரம், முடிவில் தேர்வு உண்டா இல்லையா, இந்த நான்கும் அதில் இருக்கட்டும். வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். 40 மணி நேரம் உட்கார்ந்து படித்துவிட்டு, "இது செல்லாது" என்று கவுன்ட்டரில் கேட்க நேர்ந்தால் அந்த உழைப்பு வீண்.

இன்னொன்று, கணக்குத் தொடங்கும்போது பெயரை கவுன்சில் பதிவில் உள்ளபடியே எழுதுங்கள். இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, அப்பா பெயரா கணவர் பெயரா என்பது வரை. சான்றிதழ் வந்த பிறகு பல தளங்களில் பெயரை மாற்ற முடியாது.

லேப் டெக்னீஷியன், மதுரை: உலக சுகாதார நிறுவனத்தோட பாடம் முடிச்சேன். வெறும் பங்கேற்புச் சான்றுதான் வந்திருக்கு. ஏன்?

அந்த நிறுவனம் 2017இல் தொடங்கிய ஓப்பன் டபிள்யூஹெச்ஓ தளத்துப் பாடங்கள் பலவற்றில் இரண்டு வகைச் சான்று உண்டு. பாடப் பகுதிகளில் 80 சதவீதத்தைத் திறந்து பார்த்தால் பங்கேற்புச் சான்று. மதிப்பெண் உள்ள வினாக்களில் 80 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சிச் சான்று. வீடியோவை ஓடவிட்டு வினாத்தாளைத் தொடாமல் விட்டால் முதல் வகையோடு நின்றுவிடும். கவுன்சிலுக்கோ வேலைக்கோ காட்டுவதற்கு இரண்டாவதுதான் வலு. பாடங்கள் இப்போது டபிள்யூஹெச்ஓ அகாடமி தளத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பழைய சான்றுகளை இன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பார்மசிஸ்ட், சேலம்: என்பிடெல் இலவசம்னு சொன்னாங்க, இப்போ பணம் கேக்குது.

என்பிடெல் என்பது ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் பாடத் தளம். அதில் படிக்கக் காசில்லை, தேர்வு எழுதத்தான் கட்டணம். மதிப்பெண் கணக்கு இது: வாராந்தர அசைன்மென்ட்டுக்கு 25, மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75. சான்றிதழுக்கு 25க்கு 10, 75க்கு 30, இரண்டும் தனித்தனியே வேண்டும். 12 வாரப் பாடத்தில் அசைன்மென்ட்டுகளில் சிறந்த 8 மட்டும் கணக்கில் சேரும். பலர் கோட்டைவிடுவது தேர்வில் அல்ல, முதல் மூன்று வாரத்தில் கடைசித் தேதியைத் தவறவிட்டு, பிறகும் சிலவற்றை விட்டு எட்டுத் தேறாமல்தான்.

ஸ்டாஃப் நர்ஸ், திருச்சி: பி.எல்.எஸ் முழுக்க ஆன்லைன்ல முடிச்சு அன்னிக்கே சர்டிபிகேட் தர்றாங்களாம். எடுத்துக்கலாமா?

வேண்டாம். பி.எல்.எஸ் என்பது இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தி மூச்சுக் கொடுக்கும் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி. அமெரிக்க இதயச் சங்கத்தின் பாடத்திலேயே ஆன்லைன் என்பது பாதிதான். மேனிக்கின் என்ற பயிற்சிப் பொம்மை மீது செய்து காட்டிய பிறகே கார்டு, அதுவும் இரண்டு ஆண்டுக்கு. செய்முறை இல்லாமல் தரும் காகிதம் அந்தக் கார்டு ஆகாது.

ஐசியூ நர்ஸ், கோயம்புத்தூர்: இதை நான் ஒத்துக்க மாட்டேன் அக்கா. எட்டு வருஷமா ஐசியூவுல இருக்கேன், கை நல்லாவே பழகியிருக்கு. தியரி எங்க படிச்சாலும் ஒண்ணுதானே?

தியரி ஒன்றுதான் தம்பி, அதை இலவசமாகப் படிப்பதில் தவறே இல்லை. சிக்கல் கையில் இருக்கிறது. பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக மேலே வர வேண்டும். எண்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வேகம் 130, 140 என்று ஏறும்போது ஆழம் குறைவது அழுத்துபவருக்குத் தெரிவதில்லை. களைத்ததும் கையை முழுதாக எடுக்காமல் மார்பில் சாய்ந்துகொள்வோம், இதயம் நிரம்ப இடமில்லாமல் போகும். ஐசியூ மெத்தையில் இன்னொரு சிக்கல்: மார்போடு மெத்தையும் அமுங்குவதால் 6 சென்டிமீட்டர் போனதாகத் தோன்றும், உள்ளே அவ்வளவு போயிருக்காது. தப்பை யாரும் சுட்டிக்காட்டாவிட்டால் எட்டு வருடமும் அதே தப்புதான் பழகியிருக்கும். பயிற்சி எடுத்தவர்களுக்கே சில மாதங்களில் இந்தத் திறன் தேய்ந்துவிடுகிறது.

மீண்டும் கோயம்புத்தூர்: அப்போ வருஷம் பூரா கிளாஸுக்கே போகணுமா?

வேண்டாம். வார்டில் மேனிக்கின் இருந்தால் மாதம் ஒருமுறை இரண்டே நிமிடம் போதும். போனில் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 110இல் வையுங்கள். 30 அழுத்தம் 15 முதல் 18 நொடிக்குள் முடிய வேண்டும். பக்கத்தில் ஒருவர் நின்று உங்கள் முழங்கை மடிகிறதா, கை முழுதாக எழுகிறதா என்று மட்டும் பார்க்கட்டும். அடுத்து அம்பு பை, அதாவது கையால் பிழிந்து மூச்சுக் கொடுக்கும் பை: ஒரு மூச்சு ஒரு நொடி, மார்பு எழுவது கண்ணில் பட்டால் நிறுத்திவிடுங்கள். வேகமாகப் பிழிந்தால் காற்று வயிற்றுக்குப் போகும், வாந்தி வந்து நுரையீரலில் இறங்கும்.

கிளினிக் நர்ஸ், தருமபுரி: எங்ககிட்ட மேனிக்கினே இல்லையே மேடம்.

கெட்டித் தலையணையில் தாளத்தையும் தோள் நேராக நிற்பதையும் பழகலாம், ஆழத்தைப் பழக முடியாது. பக்கத்து மருத்துவக் கல்லூரித் திறன் ஆய்வகத்தில் அரை நாள் கேட்டு, உங்கள் மருத்துவரிடம் கடிதம் வாங்கிப் போங்கள்.

நர்சிங் மாணவி, வேலூர்: சீக்கிரமா சர்டிபிகேட் கிடைக்கிற தளம் எது?

இதே கேள்வி இன்று மூன்றாவது முறை. திருநெல்வேலிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். சீக்கிரம் கிடைப்பதைத் தேடாதீர்கள்.

ஸ்டாஃப் நர்ஸ், கடலூர்: வாட்ஸ்அப்ல ஒரு லிங்க். பணம் கட்டினா படிக்காமலே 30 மணி நேரச் சான்று தருவாங்களாம்.

கட்டாதீர்கள். ஆதார் எண்ணையும் பதிவு எண்ணையும் அங்கே கொடுத்துவிடாதீர்கள். எந்தச் சான்றானாலும் முதலில் கவுன்சிலைக் கேளுங்கள்.

மருத்துவர், ஈரோடு: எங்களுக்குத் தொடர்கல்வி எத்தனை மணி நேரம்?

மருத்துவர்களின் தொழில் நடத்தை குறித்த 2002 விதிகளின்படி ஐந்து ஆண்டில் 30 மணி நேரம். எந்தக் கூட்டத்துக்கு எத்தனை மணி நேரம் சேரும் என்பதை மாநில மருத்துவக் கவுன்சிலில் கேளுங்கள் டாக்டர்.

மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர், விழுப்புரம்: அக்கா, ஒரே ஆளுக்கு பிபி ஒவ்வொரு தடவையும் வேற வேற காட்டுது. மெஷின் பழுதா?

இந்தக் கேள்வியைக் கேட்டது ரொம்ப நல்லது. மெஷினைச் சந்தேகப்படும் முன் நாம் பார்க்கும் முறையைச் சரிபாருங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் பட்டையைக் கட்டாதீர்கள். அவர் 5 நிமிடம் பேசாமல் உட்காரட்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில், கால்மேல் கால் போடக்கூடாது. அரை மணி நேரத்துக்குள் காபியோ பீடியோ குடித்திருந்தால் பிறகு வாருங்கள். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தாலும் அளவு ஏறும். கை இதய மட்டத்தில், மேசை மேல் இருக்கட்டும். தொங்கவிட்டால் கூடுதலாகக் காட்டும். பட்டையைச் சேலை ரவிக்கைக் கைமேல் கட்ட வேண்டாம். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத ரத்த அழுத்தம் இருப்பதாக வரும், அந்தம்மாவுக்கு மாத்திரையும் தொடங்கிவிடுவார்கள். ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் முறை பார்த்து, இரண்டையும் எழுதுங்கள்.

தானியங்கிக் கருவியில் சரியாக அளப்பதற்கென்றே பான் அமெரிக்க சுகாதார அமைப்பின் மெய்நிகர் வளாகம் என்ற இணையதளத்தில் இலவசப் பாடம் இருக்கிறது. உங்கள் கிராம சுகாதாரச் செவிலியர் அதை ஆங்கிலத்தில் படித்துவிட்டுக் குழுவுக்குச் சொல்லித்தரலாம்.

நர்ஸ், நாகர்கோவில்: ஜெர்மன் மொழி எங்க இலவசமா படிக்கலாம்?

என் துறை இல்லை சிஸ்டர். மொழி ஆசிரியர் ஒருவரைக் கேளுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ், நீலகிரி: இங்க நெட் நிக்காது. நைட் டியூட்டியில வீடியோ பாக்கவே முடியல.

குளோபல் ஹெல்த் மீடியா என்ற அமைப்பின் வீடியோக்களை டவுனில் இருக்கும்போதே போனில் இறக்கிக்கொள்ளலாம், காசில்லை. பச்சிளங்குழந்தைப் பராமரிப்பிலிருந்து தொடங்குங்கள். சான்றிதழ் தேவைப்படும் பாடத்தை மட்டும் நெட் உள்ள நாளுக்கு வையுங்கள், வினாத்தாள் நடுவில் இணைப்பு அறுந்தால் ஒரு வாய்ப்பு போய்விடலாம்.