கிளை நூலகத்தால் உள்ளூர்த் தொழிலுக்கு உண்மையில் உதவ முடியுமா?

"ஊரில் சிறுதொழில் தொடங்குபவருக்கு நூலகம் எப்படி உதவ முடியும்? அங்கே கதைப் புத்தகமும் போட்டித் தேர்வுப் புத்தகமும்தானே இருக்கின்றன?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக உதவ முடியும். எனக்கு உதவியிருக்கிறது.

நானும் என் அத்தையும் இட்லிப்பொடி, பருப்புப்பொடி அரைத்து விற்கிறோம். தொடங்கிய புதிதில், சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு வேண்டும் என்றார்கள். ஓர் இடைத்தரகர் 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு பதிந்து கொடுத்தார். சில வாரம் கழித்து நூலகத்தில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது, "அதுக்குக் காசே கிடையாதேம்மா" என்று நூலகர் கணினியைத் திருப்பிக் காட்டினார். உண்மைதான். 2020 ஜூலையில் வந்த அந்தப் பதிவு முழுக்க இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் நாமே பதியலாம். 2,500 ரூபாய் என்பது அன்றைக்கு எங்களுக்குப் பதினைந்து கிலோ உளுந்துக்கு மேல். அன்று வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொல்லவே எனக்கு மனம் வரவில்லை.

அதன்பிறகு எதற்கும் முதலில் நூலகத்துக்குத்தான் போனேன். உணவுப் பாதுகாப்புப் பதிவை அங்கே உட்கார்ந்துதான் போட்டேன், அப்போது ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணம். பொடிக்கு ஒரு பெயர் யோசித்து, கவர் அச்சடிக்கக் கொடுக்கவிருந்த நேரம். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்க வரும் தம்பி ஒருவர்தான், "அக்கா, இந்தப் பெயர் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று பார்த்தீர்களா?" என்று கேட்டார். வணிகக் குறி (டிரேட்மார்க்) பதிவுத் தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். அங்கே பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள், மசாலா, மாவு, பொடி எல்லாம் 30ஆம் வகுப்பில் வரும். தேடினால் கிட்டத்தட்ட அதே பெயரை ஒருவர் ஏற்கெனவே பதிந்திருந்தார். கவர் அச்சடித்த பிறகு தெரிந்திருந்தால் மொத்தமும் குப்பைக்குப் போயிருக்கும்.

நூலகம் என்பது எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்காத அரசுக் கட்டடம். மாவட்டத் தொழில் மையத்துக்குப் போக வேண்டுமானால் கையில் ஒரு திட்டமாவது வேண்டும். வங்கியில் மேலாளரைப் பார்க்கவே தயக்கமாக இருக்கும். யோசனை அரைகுறையாக இருக்கும்போது கூச்சமில்லாமல் போய் உட்கார, குறிப்பாகப் பெண்களுக்கு, வேறு இடம் எது?

சரி, குறையும் உண்டு. எங்கள் நூலகத்தின் தொழில் அலமாரியில் தன்னம்பிக்கைப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. வரி பற்றிய புத்தகமோ 2017இல் ஜிஎஸ்டி வருவதற்கு முன்பு எழுதியது. அதை நம்பிக் கணக்குப் போட்டால் வம்புதான். என்னைக் கேட்டால் இதற்குப் புதுப் புத்தகம்கூடத் தேவையில்லை. ஒரு கோப்பு போதும். எந்தக் கடன் திட்டத்துக்கு என்ன தகுதி, என்ன காகிதம், எவ்வளவு மானியம் என்று தமிழில் தட்டச்சு செய்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உணவு பதப்படுத்தும் குறுநிறுவனங்களுக்கு மத்திய அரசுத் திட்டம் ஒன்றில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் என்பது எங்கள் தெருவில் ஊறுகாய் போடும் ஒருவருக்கும் தெரியாது. அப்புறம், தொழில் மைய அலுவலர் மாதத்தில் ஒரு நாள் நூலகத்தில் வந்து உட்கார்ந்தால் பெரிய உதவி.

இதைக் கேட்க நமக்கு உரிமையும் இருக்கிறது. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன் முன்முயற்சியால் 1948இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. இப்போது அது சொத்து வரியில் 10 சதவீதம். கடைத்தெருவில் இருக்கும் ஒவ்வொரு கட்டடமும் நூலகத்துக்குப் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

வெளிநாட்டில் இது பழைய வழக்கம். அமெரிக்காவின் நியூவர்க் நகரில் ஜான் காட்டன் டேனா என்ற நூலகர் 1904இலேயே வணிகர்களுக்கென்று தனிக் கிளை திறந்தார். லண்டனில் பிரிட்டிஷ் நூலகம் 2006இல் தொழில், காப்புரிமை ஆலோசனைக்கென ஒரு மையம் தொடங்கி, பிறகு மற்ற ஊர் நூலகங்களுக்கும் அதைக் கொண்டுபோனது. எனக்கு மிகவும் பிடித்தது செஸ்டர் கார்ல்சன் கதை. சட்டப் புத்தகம் வாங்கக் காசில்லாமல் நியூயார்க் பொது நூலகத்தில் உட்கார்ந்து கையால் எழுதியெழுதி அலுத்தவர் அவர். நகலெடுக்க வழி தேடி அதே நூலகத்தில் அறிவியல் கட்டுரைகளைப் படித்து, 1938 அக்டோபரில் முதல் ஜெராக்ஸ் நகலை எடுத்துவிட்டார். எங்கள் நூலக வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவு வரும்.

அந்தக் கடையில்தான் என் பதிவுச் சான்றிதழ்கள், லேபிள் மாதிரி, எந்தத் தளத்தில் எதை அழுத்த வேண்டும் என்ற குறிப்பு எல்லாவற்றையும் நகலெடுத்து, ஆதார் எண்ணை மறைத்து, ஒரு கோப்பாக்கி நூலகரிடம் கொடுத்தேன். செய்தித்தாள் மேசைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். போன மாதம் தையல் கடை வைக்கப்போகும் ஒரு பெண் அதைப் பார்த்துத் தானே உத்யம் பதிவு செய்துகொண்டார் என்று சொன்னார்.