பட்டியலைப் பார்த்துப் புறக்கணிக்கலாமா?

கேள்வி: உக்ரைன் போர் தொடங்கிய பிறகும் ரஷ்யாவில் தொழில் நடத்தும் கம்பெனிகளின் பொருட்களை வாங்குவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். கையில் ஒரு பட்டியலும் இருக்கிறது. நான் ஒருத்தர் வாங்காமல் விட்டால் ஏதாவது நடக்குமா?

பதில்: முதலில் அந்தப் பட்டியலின் தேதியைப் பாருங்கள். உக்ரைனின் ஊழல் தடுப்பு முகமை ‘போரின் சர்வதேசப் புரவலர்கள்’ என்று ஒரு பட்டியல் வைத்திருந்தது. 2024 மார்ச்சில் அதையே மூடிவிட்டார்கள். அதிலிருந்த யூனிலீவர், அதே ஆண்டு அக்டோபரில் ரஷ்யத் தொழிலை விற்றுவிட்டது. பழைய பட்டியலை வைத்துக்கொண்டு, ரஷ்யாவை விட்டுப் போய்விட்ட கம்பெனியைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

ஒருத்தர் வாங்காததை எந்தக் கம்பெனியும் கவனிக்காது, உண்மைதான். மொத்தமாக வாங்குபவர்கள் விலகினால்தான் உறைக்கும். 2023 மே மாதம் அமெரிக்கத் தின்பண்டக் கம்பெனியான மொண்டலீஸ் அந்தப் பட்டியலில் ஏறியது. அடுத்த மாதமே எஸ்ஏஎஸ், நார்விஜியன் போன்ற விமான நிறுவனங்கள் அதன் பண்டங்களை நிறுத்தின. ஆனால் அடி எங்கே விழுந்தது பாருங்கள்: நார்வேக்காரர்கள் தங்கள் சொந்தச் சாக்லேட்டாக நினைக்கும் ஃப்ரையாவின் மேல். ஆஸ்லோவில் தயாராகும் அதற்கும் தாய்க் கம்பெனி மொண்டலீஸ்தான். பாக்கெட்டின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால்தான் இந்த உறவெல்லாம் தெரியும்.

சரி, ரஷ்யாவிலிருந்து கிளம்புவது சுலபமா? இல்லை. ரஷ்ய அரசின் அனுமதி வேண்டும், அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டும், அதற்கு மேல் அரசுக் கஜானாவுக்கு ஒரு தொகையும் கட்ட வேண்டும். பீர் கம்பெனியான ஹைனகன் 2022 மார்ச்சில் வெளியேறுவதாக அறிவித்தது. விற்று முடித்தது 2023 ஆகஸ்டில். விலை 1 யூரோ, நஷ்டம் சுமார் 30 கோடி யூரோ! பால்பொருள் கம்பெனி டனோன், பீர் கம்பெனி கார்ல்ஸ்பெர்க் இரண்டும் கிளம்ப ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோதே, 2023 ஜூலையில், அவற்றின் ரஷ்யக் கிளைகளை அரசு தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது.

அதனால், தன் ரஷ்யத் தொழிலை வாங்க ஆள் தேடிக்கொண்டிருக்கும் கம்பெனிக்கு நான் கொஞ்சம் அவகாசம் கொடுப்பேன். “புதிய முதலீடு செய்ய மாட்டோம்” என்பதோடு நிறுத்திக்கொள்பவர்களைத்தான் ஒதுக்குவேன். பழைய தொழிற்சாலை ஓடிக்கொண்டேதான் இருக்கும், ரஷ்ய அரசுக்கு வரியும் போய்க்கொண்டேதான் இருக்கும்.

அப்படி ஒன்றிரண்டு கம்பெனிகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். வாங்குவதை நிறுத்திய கையோடு வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுங்கள்: எப்போது விற்கப்போகிறீர்கள், அதுவரை நான் வாங்க மாட்டேன் என்று. சொல்லாமல் நிறுத்தினால், விலை பிடிக்காமல் போனவர் என்று உங்களைக் கணக்கெழுதிவிடுவார்கள். மருந்துகளை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.