பற்றிய நொடியே அணையும் ஃபர்னஸ்

கேள்வி: எங்கள் வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸில் பர்னர் பற்றுகிறது, ஐந்தாறு நொடியில் அணைந்துவிடுகிறது. மூன்று முறை முயன்றுவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. ஃபில்டர் மாற்றியும் பலனில்லை. அதைக் கட்டுப்படுத்தும் மின்னணு போர்டு போய்விட்டதா?

பதில்: போர்டைக் கடைசியில் சந்தேகப்படலாம். எவ்வளவு நேரம் எரிந்து அணைகிறது என்பதுதான் இங்கே முக்கியமான துப்பு. சில நொடிகளில் அணைந்தால் பெரும்பாலும் ஃபிளேம் சென்சார்தான் காரணம். தீக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய உலோகக் கம்பி அது. தீயின் வழியே சில மைக்ரோ ஆம்பியர் மின்சாரம் பாய்ந்தால்தான், 'தீ பற்றிவிட்டது' என்று போர்டு நம்பும். கம்பியில் படலம் படிந்துவிட்டால் மின்சாரம் பாயாது. கண்ணெதிரே தீ எரிந்தாலும், எரியாத கேஸ் வெளியேறுகிறதோ என்று அஞ்சி போர்டு வால்வை மூடிவிடும்.

முதலில், போர்டிலுள்ள சிறு விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். கரண்டை நிறுத்தினால் சில மாடல்களில் அந்தக் குறிப்பு அழிந்துவிடும். எத்தனை சிமிட்டலுக்கு என்ன கோளாறு என்பது வழக்கமாக ஃபர்னஸ் கதவின் உட்புற ஸ்டிக்கரில் இருக்கும்.

பிறகு கரண்டையும் கேஸையும் நிறுத்துங்கள். சென்சாரை ஒரே ஒரு ஸ்க்ரூதான் பிடித்திருக்கும், ஒற்றை வயர்தான் வரும். மெல்லிய ஸ்டீல் உல் (எஃகு இழைப் பஞ்சு) கொண்டு கம்பி பளிச்சென்று ஆகும்வரை மெதுவாகத் தேயுங்கள். சொரசொரப்பான உப்புத்தாள் வேண்டாம். கீறல்களில் அழுக்கு சீக்கிரம் ஏறும். பக்கத்திலிருக்கும், தீ மூட்டும் இக்னைட்டரைக் கைபடத் தொடாதீர்கள், லேசான தட்டலிலேயே உடைந்துவிடும். பத்து நிமிட வேலைதான். இதைச் செய்து பார்க்காமல் போர்டையே மாற்றி, பிறகும் குளிரில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சில நிமிடங்கள் நன்றாக எரிந்து, பர்னர் மட்டும் அணைந்து ஃபேன் தொடர்ந்து ஓடினால் கதை வேறு. உள்ளே சூடு மிஞ்சியதால், பாதுகாப்புக்காக இருக்கும் லிமிட் ஸ்விட்ச் பர்னரை நிறுத்துகிறது என்று பொருள். ஃபில்டர் அடைப்பும், மூடிவைத்த காற்றுத் துவாரங்களும்தான் வழக்கமான காரணங்கள். குளிர்காற்றே வருகிறது என்றால், வீட்டின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டில் ஃபேன் 'ஆன்' நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஆட்டோ'வில் இருக்க வேண்டும்.

தீ நீலமாக, நிலையாக எரிய வேண்டும். மஞ்சளாகித் தள்ளாடினாலோ, கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தாலோ, கேஸ் வாடை வந்தாலோ எதையும் கழற்றாதீர்கள். எந்த ஸ்விட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியே வந்து, அங்கிருந்து அவசர உதவியை அழையுங்கள்.