வாசகர் கேள்வி பதில்: சைக்காலஜி, சோசியாலஜி படிச்சா என்ன வேலை?

கேள்வி (தேவகோட்டை வாசகி): பொண்ணு ப்ளஸ் டூ காமர்ஸ் முடிச்சிருக்கா. சைக்காலஜிதான் படிப்பேன்னு ஒரே புடியா நிக்கிறா. அவ அம்மான் பி.காம் சேத்து பேங்க் பரீட்சை எழுத வைங்கங்கறாக. எதைக் கேக்குறது?

பொண்ணு சொல்றதைக் கேளுங்கம்மா. பேங்க் பி.ஓ பரீட்சைக்கு எந்த டிகிரியா இருந்தாலும் போதும், சைக்காலஜி படிச்சதால அந்தக் கதவு அடைபடாது, இதை அம்மான்கிட்ட மொதல்ல சொல்லிருங்க. ஆனா மூணு வருச டிகிரியோட போர்டு மாட்டி உக்கார முடியாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா, அதாவது மாத்திரை இல்லாம மனநலச் சிகிச்சை குடுக்குறவங்களா, வேலை பாக்கணும்னா ஆர்.சி.ஐ, அதாவது 1992 சட்டப்படி அமைஞ்ச இந்திய மறுவாழ்வு கவுன்சில், அவங்க அங்கீகாரம் குடுத்த மேல்படிப்பை முடிச்சு பதிவும் பண்ணணும், டிகிரி பி.ஜி எல்லாம் சேத்தா பல வருசம் ஆயிரும். மாத்திரை எழுதிக் குடுக்குற சைக்கியாட்ரிஸ்ட் எம்.பி.பி.எஸ் படிச்ச டாக்டர், அது வேற ரூட்டு. நெறைய புள்ளைங்க இந்த வித்தியாசம் தெரியாமலே சேந்துருதுங்க, அது எனக்கு ரொம்ப வருத்தம். மூணே மாசத்துல கவுன்சிலர் ஆக்குறோம்னு வர்ற விளம்பரத்துக்கு மட்டும் பணம் கட்டிறாதீங்க, அந்தப் பணத்தை பி.ஜி.க்கு எடுத்து வைங்க.

கேள்வி (காரைக்குடி மாணவர்): பி.ஏ சோசியாலஜி ரெண்டாம் வருசம். வாத்தியார் வேலையை விட்டா வேற வழியே இல்லைங்கறாங்க, உண்மையா?

இல்ல தம்பி. எம்.எஸ்.டபிள்யூ, அதாவது சோசியல் வொர்க் மேல்படிப்பு, முடிச்சா ஃபேக்டரி பக்கமே வேலை இருக்கு, 2025 வரைக்கும் நடைமுறையில இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டம் 49-வது பிரிவுலயே 500 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற எடத்துல தொழிலாளர் நலனைப் பாக்குற வெல்ஃபேர் ஆபீசர் கண்டிப்பா வைக்கணும்னு இருந்துச்சு. திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம் பல்கலைக்கழகம், சென்னையில 1952-ல தொடங்குன மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோசியல் வொர்க், இதையெல்லாம் விசாரிங்க. யு.பி.எஸ்.சி.லயும் சோசியாலஜி விருப்பப் பாடமா இருக்கு.

ஆனா நான் அடிச்சு சொல்றது களஆய்வு வேலையைத்தான். தேசிய குடும்பநல ஆய்வுல பொம்பளைங்ககிட்ட ஒரு கேள்வி உண்டு, உங்களுக்கு வைத்தியம் பாக்குறதை வீட்டுல யாரு முடிவு பண்றதுன்னு. நம்ம ஊர் வீட்டுல முகப்புல ஆம்பளையாளுக உக்காந்திருக்கையில இதைக் கேட்டா "அவுகதான்"னு ஒரே வார்த்தையில முடிஞ்சிரும், அதே கேள்வியை ரெண்டாங்கட்டுல காய் நறுக்கிக்கிட்டு இருக்கையில தனியா கேட்டுப் பாருங்க, யாருக்கும் சொல்லாம சிறுவாட்டுக் காசை எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போயிட்டு வந்த கதை வரும். எங்க உக்காந்து யாரு முன்னாடி கேக்குறோம்ங்கறதுலயே பதில் மாறும், அதைப் புரிஞ்சு கேள்வித்தாள் போடத் தெரிஞ்ச ஆளு சர்வே கம்பெனி, சுகாதாரத் திட்டம், தொண்டு நிறுவனம், மொபைல் ஆப் செய்றவங்க எல்லாருக்குமே வேணும். அதோட புள்ளியியலும் எஸ்.பி.எஸ்.எஸ், ஆர் மாதிரி ஒரு சாஃப்ட்வேரும் கத்துக்கங்க, இதை விட்டுட்டுதான் நம்ம பசங்க இன்டர்வியூல நின்னு போறாங்க.

ஆராய்ச்சிக்கு விசயம் தேடி எங்கயும் அலைய வேணாம். அமெரிக்க மானிடவியலாளர் டேவிட் ரட்னர் நகரத்தாரோட லேவாதேவி, கோயில், உறவுமுறை மூணையும் சேத்து ஆராய்ஞ்சு 1994-ல புத்தகமே போட்டாரு. நம்ம செட்டிநாட்டுல பூட்டிக் கெடக்குற நகரத்தார் வீடுகளைக் காவல் பாக்குற குடும்பங்க, தரைக்குப் பதிக்கிற ஆத்தங்குடி கல்லு போடுறவங்க பொழப்பு, இதெல்லாம் நீங்க எழுத வேண்டியது, அவங்க பேச்சு உங்களுக்குப் புரியும்ல.

கேள்வி (பள்ளத்தூர் மாணவி): ப்ளஸ் டூல கணக்கு எடுக்கலை. இந்த மாதிரி படிப்புல சேர முடியுமா?

சோசியாலஜி, சோசியல் வொர்க் ரெண்டுலயும் தாராளமா சேரலாம், சைக்காலஜி பி.எஸ்சி.க்கு மட்டும் என்ன குரூப் கேக்குறாங்கன்னு காலேஜுல விசாரிச்சுக்கங்க. பொருளாதாரத்துல பெரிய எடத்துல பி.ஜி பண்ற எண்ணம் இருந்தா கணக்கை இப்பவே தூசி தட்டுங்க.