பாட்டு எப்படி சட்டமாகும்? (கடிதமும் பதிலும்)

வணக்கம் சார். வான்கூவர்ல லா படிக்கிறேன். என்விரான்மென்டல் லா பக்கம் போக ஆசை, ஆனா கார்ப்பரேட் பக்கம் போனாதான் லோன் அடையும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. இங்க பழங்குடிகளோட சட்டமும் பாடத்துல வருது. பாட்டு, கதை, விருந்து இதெல்லாம் எப்படி சார் சட்டமாகும்? சட்டம்னா எழுதி இருக்கணுமே. எப்படியும் கோர்ட்தான் அவங்க நிலத்தைக் கொடுத்திருச்சே. நான் எந்தப் பக்கம் போகட்டும்?
– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

லோன் கணக்கை வீட்ல உட்கார்ந்து போடுங்க, அதுல நான் சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா "எழுதி இருக்கணுமே"ன்னு போற போக்குல எழுதிட்டீங்க பாருங்க, அங்கதான் எனக்குக் கோபம் வந்துச்சு. கொஞ்ச நாளா டெல்கமூக் வழக்கைத்தான் படிச்சுட்டு இருக்கேன். நீங்க இருக்கிற பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து வழக்கு.

கிட்க்ஸான், வெட்சுவெட்டன்னு ரெண்டு பழங்குடி மக்களும் 58,000 சதுர கிலோமீட்டர் எங்க நிலம்னு போட்ட கேஸ், 1987ல விசாரணை ஆரம்பம். மேரி ஜான்சன்னு ஒரு கிட்க்ஸான் தலைவி, வயசான அம்மா, தன்னோட வீட்டு (அங்க வீடுன்னா ஒரு குலம்) வரலாற்றைச் சாட்சியா சொல்லிட்டு அதுல வர்ற ஒப்பாரியைப் பாடணும்ங்கறாங்க. ஜட்ஜ், எனக்குத் தகரக் காது, என்கிட்ட பாடி பிரயோஜனம் இல்லங்கற மாதிரி சொன்னார். அந்தம்மா பாடினாங்க. 1991ல கேஸ் தள்ளுபடி.

அந்த வரலாறு பொழுதுபோக்குக் கதை இல்ல தம்பி. அடாவ்க்னு பேரு, ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியா உண்டு, எந்த ஆறு எந்த மலை எப்படி அந்த வீட்டுக்கு வந்துச்சுன்னு அதுலதான் இருக்கு. தலைவர் பட்டம் கைமாறும்போது விருந்து வச்சு ஊரறியச் சொல்லணும், பக்கத்து வீட்டுத் தலைவர்கள் எல்லாம் உட்கார்ந்து கேட்பாங்க, வந்தவங்களுக்குச் சாட்சிக் கூலி மாதிரி கொடுத்தனுப்புவாங்க. அத்தனை பேர் முன்னால எல்லையை மாத்திச் சொல்லிட முடியுமா?

எங்க அத்தை இப்படித்தான், கண்மாய்த் தண்ணி எந்த மடையில எந்த வயலுக்கு யார் முறைன்னு மூச்சு விடாம சொல்லுவாங்க. ஒரு வழக்குல சாட்சி சொல்லப் போனப்ப "பேப்பர் இருந்தா கொடும்மா, கதை வேண்டாம்"னு ஒரு வக்கீல் வாயை அடைச்சுட்டார். அதுக்கப்புறம் தண்ணி முறை கேட்டு யார் வந்தாலும் அத்தை வாயே திறக்கல. நாளைக்கு நீங்க அந்த வக்கீலா நிக்கக் கூடாதுன்னுதான் இவ்வளவு கத்தறேன்.

எழுத்து கேட்கிற கனடா அரசு என்ன பண்ணுச்சுன்னும் பாருங்க. 1885லேர்ந்து 1951 வரைக்கும் அந்த விருந்துக்கே தடை. 1927லேர்ந்து 1951 வரைக்கும் அரசு அனுமதி இல்லாம நில உரிமைக் கேஸுக்குன்னு பணம் திரட்டறதும் குத்தம், அப்புறம் வக்கீல் எங்கேர்ந்து வைக்கறது? சாட்சி கூடற இடத்தை மூடிட்டு, வக்கீலுக்குப் போற வழியையும் மூடிட்டு, ஆதாரம் எங்கேன்னு கேட்டா என்ன நியாயம்?

1997ல கனடா சுப்ரீம் கோர்ட், வாய்மொழி வரலாற்றையும் எழுத்து ஆவணத்துக்குச் சமமா வச்சுப் பார்க்கணும்னு சொல்லுச்சு. 87ஆவது பத்தி, படிங்க. ஆனா நிலத்தைக் கொடுக்கல, மறுபடி விசாரிங்கன்னு அனுப்பிடுச்சு. ஒரு பழங்குடிக்கு இது உங்க நிலம்னு அந்தக் கோர்ட் முதல் தடவை அறிவிச்சதே 2014ல, சில்கோடின் மக்களுக்கு. வெட்சுவெட்டன் நிலத்துல பரம்பரைத் தலைவர்கள் வேண்டாம்னு நின்னும், போலீஸ் புகுந்து ஆட்களைக் கைது பண்ணி, 2023ல எரிவாயு பைப்லைனைப் போட்டு முடிச்சுட்டாங்க. கோர்ட் கொடுத்திருச்சாம்!

அதே மாகாணத்துக் கடல் பக்கம், 2016 அக்டோபர்ல பெல்லா பெல்லாங்கற ஊர் கிட்ட ஒரு இழுவைக் கப்பல் தரைதட்டி ஒரு லட்சம் லிட்டருக்கு மேல டீசல் கொட்டுச்சு, ஹெய்ல்ட்சுக்ங்கற பழங்குடி மக்கள் சிப்பி எடுக்கற இடம் போச்சு. அவங்க கோர்ட்டுக்கும் போனாங்க, தங்களோட சட்டப்படி தாங்களே விசாரிச்சு அறிக்கையும் போட்டாங்க. இன்னிக்கும் நடப்புல இருக்கிற சட்டம் அது.

விக்டோரியா யுனிவர்சிட்டியில 2018லேர்ந்து கனடா சட்டம், பழங்குடிச் சட்டம் ரெண்டையும் சேர்த்தே டிகிரியா நடத்தறாங்க. ஒரு கப்பல் தூரம்தான், போய் அங்க படிக்கிற பசங்ககிட்ட பேசுங்க. பேசிட்டு எழுதுங்க, லோனைப் பத்தியும் பேசலாம்.

அன்புடன்