லைக்கன் தின்னும் அந்துப்பூச்சி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது?

கேள்வி இதுதான்: பழைய நூல்களில் லைக்கன் (பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் பூஞ்சை-பாசிக் கூட்டுயிரி) தின்னும் அந்துப்பூச்சிகள் 'ஆர்க்டீடே' குடும்பத்தில் இருக்கின்றன, புதிய பட்டியல்களிலோ 'எரிபிடே' என்று போட்டிருக்கிறார்கள். எது சரி? லைக்கனைத் தின்பதை வைத்தே ஒரு பூச்சியை இந்தக் கூட்டம் என்று சொல்லிவிடலாமா?

முதலில் புழுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்தப் பூச்சிகள் பிடித்துப்போனதே ஒரு புழுவால்தான். பாறை மேல் இருந்த சின்னக் கம்பளிப்புழு ஒன்றை எடுத்துவந்து, கைக்குக் கிடைத்த இலைகளையெல்லாம் போட்டுப் பார்த்தேன். மூன்று நாள் எதையும் தொடவில்லை. நான்காம் நாள், கீழே விழுந்து கிடந்த லைக்கன் படர்ந்த மரப்பட்டை ஒன்றை உள்ளே வைத்தேன். அன்று இரவே சுரண்டித் தின்னத் தொடங்கிவிட்டது. கம்பளிப்புழு என்றால் இலை தின்னும் என்று அதுவரை நான் நினைத்திருந்தது எவ்வளவு தவறு என்று அப்போதுதான் புரிந்தது.

லைக்கன் ஒரு தாவரம் அல்ல. பூஞ்சையும், அதற்குள் வாழும் பாசியோ சயனோபாக்டீரியாவோ சேர்ந்த கூட்டு வாழ்க்கை அது. காய்ந்தால் மொரமொரப்பாகிவிடும், நைட்ரஜன் சத்தும் குறைவு. போதாததற்குக் கசப்பான பீனால் சேர்மங்கள் வேறு. இதையே சாப்பாடாக வைத்துக்கொண்டு வளர வேண்டுமென்றால் வாய் அதற்கேற்ப இருக்க வேண்டும். இந்தப் புழுக்களின் தாடையில் அரைப்பதற்கென்றே ஒரு மேடு இருக்கிறது, நம் கடைவாய்ப்பல் போல. இலையை வெட்டித் தின்னும் மற்ற கம்பளிப்புழுக்களிடம் இது கிடையாது. உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு என் பதில்: உணவை வைத்துச் சொல்ல முடியாது, இந்தத் தாடையைத்தான் பார்க்க வேண்டும். ஏனென்றால் லைக்கன் தின்பவை எல்லாம் ஒரே கூட்டம் இல்லை. நிலமளப்பான் புழுக்களின் குடும்பத்திலும், கூடு சுமந்து திரியும் பைப்புழுக்களிலும்கூட லைக்கன் தின்பவை உண்டு. உணவு ஒன்றாக இருக்கலாம், உறவு வேறு.

அந்த அரைக்கும் தாடை உள்ள கூட்டத்தின் பெயர் லித்தோசினி. கல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். கல் மேல் மேயும் புழுவுக்கு இதைவிடப் பொருத்தமாக வைக்க முடியாது. லித்தோசியா என்ற பேரினத்துக்கு 1798இல் டென்மார்க் பூச்சியியலாளர் ஃபப்ரீசியஸ் பெயரிட்டார். அதில் உள்ள லித்தோசியா குவாட்ரா என்ற இனத்தை, உயிரினங்களுக்கு இருசொல் பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயஸ் 1758இலேயே விவரித்துவிட்டார். குவாட்ரா என்றால் லத்தீனில் சதுரம். பெண் பூச்சியின் மஞ்சள் முன்னிறக்கைகளில் இரண்டிரண்டாக நான்கு கரும்புள்ளிகள் இருக்கும். ஆண் சாம்பல் நிறம், புள்ளியே இல்லை. இரண்டையும் அருகருகே வைத்தால் வேறு வேறு இனம் என்றுதான் முதலில் தோன்றும். இறக்கையை மட்டும் நம்பக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, குடும்பப் பெயருக்கு வருவோம். முன்பு ஆர்க்டீடே தனிக் குடும்பம், லித்தோசினே அதில் ஒரு துணைக்குடும்பம். 2010களின் தொடக்கத்தில் வந்த மரபணு ஆய்வுகள், ஆர்க்டீடே முழுவதும் எரிபிடே என்ற பெரிய குடும்பத்துக்குள் அடங்கும் ஒரு கிளை என்று காட்டின. அதனால் எல்லாம் ஒரு படி இறங்கின. குடும்பம் ஆர்க்டினே என்ற துணைக்குடும்பமானது, லித்தோசினே லித்தோசினி ஆனது. விலங்கியலில் 'இடே' என்று முடிந்தால் குடும்பம், 'இனே' துணைக்குடும்பம், 'இனி' அதற்கும் கீழே உள்ள குழு. ஆக, பழைய நூலும் புதிய பட்டியலும் சொல்வது அதே பூச்சிகளைத்தான். இன்றைய நிலையில் எரிபிடே என்று எழுதுவதே சரி.

லைக்கனின் கசப்பு வீணாகப் போவதில்லை. லித்தோசினிப் பூச்சிகளின் உடலில் லைக்கனின் பீனால்கள் சேர்ந்திருப்பதை 1995இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. புழுப் பருவத்தில் தின்றது, வளர்ந்த பூச்சியிலும் தங்குகிறது. இந்தக் கூட்டத்தில் பல இனங்கள் சிவப்பும் மஞ்சளுமாகப் பளிச்சென்று இருப்பதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்: தின்றால் கசக்கும் என்று எதிரிகளை எச்சரிக்கும் நிறமாக அது இருக்கலாம்.

அப்புறம் சயானா பேரினத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இதன் புழு தன் நீண்ட மயிர்களையே எடுத்துப் பட்டிழையால் இணைத்து, வலைபோல ஒரு கூண்டு கட்டும். அதன் நடுவே, சுவரில் படாமல், கூட்டுப்புழு தொங்கும். உள்ளே இருப்பது வெளியே அப்படியே தெரியும். படத்தில் பார்த்தாலே வியப்பாக இருக்கும், நேரில் கிடைத்தால் தொடாமல் பாருங்கள்.

புழுக்களைத் தேட வேண்டுமென்றால் மழை ஓய்ந்த இரவில் டார்ச்சோடு பாறையையோ பழைய சுவரையோ பாருங்கள். லைக்கன் அப்போது நனைந்து மெத்தென்றிருக்கும். புழுவைப் படம் எடுக்கும்போது அது மேயும் லைக்கனும் தெரியும்படி எடுங்கள், அடையாளம் காண உதவும். லைக்கனைப் பெயர்த்து எடுக்க வேண்டாம். பல வகைகள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளர்கின்றன.