ஆட்டுக்கு வாங்குன பூச்சி மருந்து நாய்க்கு ஆகுமா?

கேள்வி: டாக்டர் சார், ஆடுங்களுக்கு பூச்சி மருந்து ஊத்துனது போக பாட்டில்ல பாதி மிச்சம் இருக்கு. வீட்ல 10 கிலோ நாய் ஒண்ணு நிக்குது, அதுக்கும் புழு இருக்குற மாதிரிதான் தெரியுது. ஆட்டுக்கு குடுக்குற அதே கணக்குல எடைக்கு தகுந்தாப்ல குறைச்சு ஊத்துனா போதும்ங்கிறாங்க. ஊத்தலாமா?

பதில்: ஊத்துறதுக்கு முன்னாடி பாட்டில திருப்பி பின்பக்கம் பொடி எழுத்துல என்ன போட்டிருக்குன்னு படிச்சிருங்க. பூச்சி மருந்துங்கிறது ஒரே மருந்து கிடையாது. நீங்க பாட்டில்ல உள்ள பேர எழுதாம விட்டுட்டீங்க, உங்க கேள்விக்கு பதிலே அந்த பேர்லதான் இருக்கு.

அதுல ஃபென்பெண்டசோல்னு மட்டும் இருந்தா கொஞ்சம் நிம்மதியா பேசலாம். நாய்க்கும் அதே மருந்துதான், உருண்டைப்புழு கொக்கிப்புழு சாட்டைப்புழு மூணுக்கும் கேக்கும், கொஞ்சம் கூடக்குறைய போனாலும் பெருசா ஆபத்து பண்ணாது. ஆனா எடைக்கு தகுந்தாப்ல குறைச்சா போதும்னு சொன்னாங்க பாருங்க, அங்கதான் தப்பு. ஆடு மாட்டுக்கு ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராம் கணக்குல ஒரே வேளை குடுப்போம், நாய்க்கு கிலோவுக்கு 50 மில்லிகிராம், அதையும் தொடர்ந்து 3 நாள் குடுக்கணும். ஆடு அசை போடுற ஜாதி, அது வயித்துல மருந்து தங்கி கொஞ்சம் கொஞ்சமா இறங்கும், நாய் குடல் சின்னது, மருந்து சீக்கிரமே வெளிய போயிடும், அதனாலதான் இவ்ளோ வித்தியாசம். ஆட்டுக் கணக்குல ஊத்துனா நாய்க்கு ஒண்ணும் ஆகாது, புழுவுக்கும் ஒண்ணும் ஆகாது.

அடுத்தது சதவீதம். 10% னு போட்டிருந்தா ஒரு மில்லியில 100 மில்லிகிராம் இருக்கு, உங்க 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 5 மில்லி. 2.5% பாட்டிலா இருந்தா அதே நாய்க்கு 20 மில்லி ஆகும். மருந்து பேர் ஒண்ணுதான், அளவு நாலு மடங்கு மாறுது பாருங்க, அதனால யாராவது "5 மில்லி ஊத்து"ன்னு சொன்னா எத்தன சதவீதம்னு திருப்பி கேளுங்க. பாட்டில நல்லா குலுக்கிட்டு எடுங்க, அடியில மருந்து படிஞ்சு கிடக்கும், குலுக்காம மேலாக எடுத்தா வெறும் தண்ணி மாதிரிதான் வரும். ஊசி இல்லாத சிரிஞ்சுல அளந்து சோத்தோட கலந்து வெச்சாலே நக்கிரும். எடைய கண்ணால மதிக்காதீங்க, நாய தூக்கிக்கிட்டு எடை மிஷின்ல ஏறி அப்புறம் உங்க எடைய கழிச்சா சரியா வந்துரும்.

இப்போ அந்த பாட்டில்ல ஐவர்மெக்டின்னு இருந்தா கதையே வேற. நல்ல மருந்துதான், அத கண்டுபிடிச்ச ஓமுராவுக்கும் கேம்ப்பெல்லுக்கும் 2015ல நோபல் பரிசே குடுத்தாங்க. ஆனா மாட்டுக்கு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம்னா நாய்க்கு இதயப்புழு வராம தடுக்க மாசம் ஒரு தடவை குடுக்குற மாத்திரையில கிலோவுக்கு 0.006 மில்லிகிராம்தான், அதாவது முப்பது மடங்குக்கும் மேல கம்மி. ஃபென்பெண்டசோல்ல ஆட்டுக் கணக்கு குறைச்சலா போச்சு, ஐவர்மெக்டின்ல பயங்கர அதிகமா போகும். மாட்டுக்கு போடுற 1% ஊசி மருந்துல இருந்து 20 கிலோ நாய்க்கு இந்த அளவ எடுக்கணும்னா 0.012 மில்லி எடுக்கணும். சின்ன 1 மில்லி சிரிஞ்சுலயே ஒரு கோடுங்கிறது 0.01 மில்லி, ஊசி முனையில ஒட்டுற ஒரு சொட்டே அதவிட ஜாஸ்தி! எவ்ளோ கை தேர்ந்தவரா இருந்தாலும் இத வீட்ல வெச்சு அளக்க முடியாது.

குதிரைக்கு குடுக்குற ஐவர்மெக்டின் பேஸ்ட் இதவிட மோசம். "பட்டாணி அளவு குடுத்தா போதும்"னு சொல்றவங்க இருக்காங்க. பட்டாணி அளவுங்கிறது சுமாரா அரை கிராம்னு வைங்க, 1.87% பேஸ்ட்ல அதுக்குள்ள 9 மில்லிகிராம் இருக்கும், 20 கிலோ நாய்க்கு அது இதயப்புழு டோஸ விட எழுபது மடங்குக்கு மேல.

"எங்க பக்கத்து வீட்டு நாய்க்கு குடுத்தாங்க, ஜம்முனு இருக்கே"ன்னு கேப்பீங்க. இருக்கும். சாதாரண நாய்ங்க நிறைய தாங்கும், சொறிக்கு நாங்களே அதிக டோஸ்ல குடுக்குறதுண்டு, பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டே குடுப்போம். ஆனா சில நாய்ங்களுக்கு எம்டிஆர்1ங்கிற ஜீன்ல குறை இருக்கும், அது 2001லதான் தெரிய வந்துச்சு. மூளைக்குள்ள நுழையுற மருந்த வெளிய தள்ளுற பம்ப் அதுங்களுக்கு வேலை செய்யாது. கோலி, ஷெட்லாண்ட், ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு மாதிரி மந்தை மேய்க்கிற ஜாதிகள்ல அதிகம், கலப்பு நாய்லயும் ஒளிஞ்சிருக்கலாம், பாத்தா தெரியாது. கன்னத்துக்கு உள்பக்கம் பஞ்சு வெச்சு தேய்ச்சு டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும். இந்த நாய்ங்களுக்கு கிலோவுக்கு 0.1 மில்லிகிராமே ஆபத்து, மாட்டு டோஸ்ல பாதி!

என்கிட்ட அப்படி ஒண்ண தூக்கிட்டு வந்தாங்க, கண்ணு பாப்பா ரெண்டும் விரிஞ்சு போயி, வாயில எச்சி ஒழுகி, குடிச்சவன் மாதிரி பின்னங்கால் ரெண்டும் வெவ்வேற பக்கம் போகுது, முன்னாடி கை ஆட்டுனா கண்ணு சிமிட்டல. மாத்து மருந்துன்னு ஒண்ணும் கிடையாது, சலைன் ஏத்தி, நரம்பு வழியா கொழுப்புக் கரைசல் ஏத்தி, மருந்து தானா இறங்குற வரைக்கும் காவல் காக்கணும், அது ஒரு நாள்ல முடியுற சமாச்சாரம் இல்ல. அது பொழைச்சிருச்சு, ஆனா அந்த வீட்டுக்காரர் முகம் இன்னும் ஞாபகம் இருக்கு, "அளந்துதான் சார் குடுத்தேன்"னு சொல்லிக்கிட்டே இருந்தார்.

மத்த பேருங்கள சுருக்கமா சொல்லிடறேன். அல்பெண்டசோல் நாய்க்கு வேண்டாம், எலும்பு மஜ்ஜைய பாதிக்கும். லெவமிசோல் கொஞ்சம் கூடினாலே வாந்தி நடுக்கம்னு வரும். குளோசன்டெல் கண்ணு பார்வையவே எடுத்துரும். மாக்சிடெக்டின் குதிரை ஜெல் நாய்க்கு சுத்தமா ஆகாது, முதுகுல ஊத்துற மருந்துகள வாயில ஊத்துறதுன்னு நினைச்சே பாக்காதீங்க. லேபிள்ல ரெண்டு மருந்து பேரு "பிளஸ்" போட்டு இருந்தா அந்த பாட்டில மூடி வெச்சிருங்க, ஒண்ணு நல்லதா இருந்தாலும் கூட இருக்குறது எதுன்னு பாத்துட்டுதான் பேசணும்.

கேள்வி: ஃபென்பெண்டசோல் 3 நாள் குடுத்தும் நாய் ஆசனவாய்கிட்ட அரிசி மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டு நெளியுது. மருந்து டூப்ளிகேட்டா?

பதில்: மருந்து மேல பழி போடாதீங்க. அது தெள்ளுப்பூச்சி மூலமா வர்ற நாடாப்புழுவோட துண்டு. ஃபென்பெண்டசோலுக்கு கேக்காது, பிரசிகுவான்டல் வேணும், அது நாய் மாத்திரையாவே கிடைக்கும். அதோட தெள்ளுப்பூச்சியையும் ஒழிக்கணும், நாய் உடம்ப கடிக்கிறப்போ தெள்ள முழுங்குனா மறுபடியும் வந்துரும்.

கேள்வி: நாய்க்கு நான் எதுவுமே குடுக்கல. குதிரைக்கு ஐவர்மெக்டின் குடுத்த மறுநாள்ல இருந்து நாய் தள்ளாடுது. சம்பந்தம் இருக்குமா?

பதில்: இருக்கும், உடனே நாய தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. இந்த மருந்து குதிரை சாணத்துல அப்படியே வெளிய வரும், நாய் அத திங்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா. குதிரை கீழ துப்புன பேஸ்ட்ட நக்கியிருந்தாலும் இதே கதைதான். போறப்போ பேஸ்ட் டப்பாவையும் கையோட எடுத்துட்டு போங்க, எத்தன சதவீதம்னு டாக்டர் மொதல்ல அததான் கேப்பார்.